விரா 1.5: கார்புரேட்டருக்கு மாற்றிய பின் மிஞ்சும் ஒயர்களை என்ன செய்வது?

பட்டர்வொர்த் விரா:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் புரோட்டோன் விரா 1.5 இஞ்செக்‌ஷன் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பழுதாகிவிட்டது. அதை மாற்றாமல், புரோட்டோன் இஸ்வரா கார் ஒன்றிலிருந்து எடுத்த இன்டேக் மேனிஃபோல்டு, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் ஆகியவற்றைப் பொருத்தி வருகிறோம். இயந்திர வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களுக்கும் சென்சர்களுக்கும் போன ஒயர்கள்தான் இப்போது எஞ்சின் மேல் தொங்குகின்றன. ஒயர்மேன், எல்லாவற்றையும் வெட்டி டேப் சுற்றினால் போதும் என்கிறார். வண்டியை அன்றாடம் ஓட்டப்போவது என் தந்தையார் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எவற்றை எடுக்கலாம், எவற்றைத் தொடவே கூடாது?

செந்தூல் ஒயரிங்:
வணக்கம் தம்பி. வெட்டுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இஞ்செக்டரின் ஒரு காலுக்கு, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயிலிருந்து 12 வோல்ட் வருகிறது. இசியு மறு காலைத் தரையோடு (வண்டியின் உலோக உடலோடு) இணைத்தும் துண்டித்தும்தான் அதை இயக்குகிறது. ஆகவே இசியுவைக் கழற்றினாலும் ரிலே வேலை செய்யும்வரை அந்தப் பிளக்குகளில் மின்சாரம் நிற்கும். சென்சர் ஒயர்கள் பெரும்பாலும் அப்படியல்ல. அவற்றுக்கு 5 வோல்ட் தருவதே இசியுதான் என்பதால், அது போனதும் அவையும் செத்துவிடும். ஆபத்து எல்லா ஒயர்களிலும் சமமாக இல்லை. ரிலேயிலிருந்து வரும் சில ஒயர்களில்தான் இருக்கிறது.

பெட்ரோல் பம்ப் ஓட வேண்டும் என்பதற்காகச் சிலர் அந்த ரிலேயையே நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அந்தக் கணமே இஞ்செக்டர் பிளக் அனைத்தும் உயிர்பெறும். சுற்றிய டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகி வழிந்து, செம்பு வெளியே தெரிந்து உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். பக்கத்திலேயே கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. எனவே ஒயரின் நுனியில் வேலை செய்யாதீர்கள், அது புறப்படும் இடத்தில் செய்யுங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, டேஷ்போர்டின் அடியில் இசியு பிளக்கிலிருந்து தொடங்கி, ஒயர்க் கட்டை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையும் எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டுங்கள். மின்சாரம் தரும் ஒயர்களை ரிலேயிடமோ ஃபியூஸிடமோ துண்டியுங்கள். சாவி அணைந்திருக்கும்போதும் இசியுவுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் ஒன்று இருக்கும், அதை மறவாதீர்கள்.

தொடக் கூடாதவையும் அதே கட்டுக்குள்தான் கிடக்கின்றன. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், எண்ணெய் அழுத்த சுவிட்ச், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச் ஆகியவற்றின் ஒயர்கள் இருக்க வேண்டும். தண்ணீர் வெப்பத்துக்கு இரண்டு சென்சர்கள் உண்டு. இரட்டை ஒயர் கொண்டது இசியுவுக்குரியது, ஒற்றை ஒயர் கொண்டது மீட்டருக்குரியது. இரண்டாவதை வெட்டினால் எஞ்சின் சூடேறுவது உங்கள் தந்தையாருக்குத் தெரியாமலே போகும். ஏர்கோன் கம்ப்ரெசர் ரிலேயும் ரேடியேட்டர் விசிறியும் இசியு வழியாக ஓடுகின்றனவா, தனியே ஓடுகின்றனவா என்பதை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இசியு வழியாக ஓடினால், விசிறிக்கு ரேடியேட்டரில் ஒரு வெப்ப சுவிட்சும் தனி ரிலேயும் தேவைப்படும்.

வெட்டிய ஒயர்க் கட்டைத் தூக்கி எறியாதீர்கள். பிளக்கோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் இசியு கிடைத்து வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால் அதுதான் கை கொடுக்கும்.

பிறைவாசி:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இஞ்செக்‌ஷன் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தரும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.3 பார் வரையே போதும். அதற்கு மேல் போனால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். டேங்கில் இருக்கும் பழைய பம்பை அப்படியே ஓட விடக் கூடாது.

குறைந்த அழுத்த மின்பம்ப் போடுவதானால் இன்னொரு விஷயம் உண்டு. இஞ்செக்‌ஷன் வண்டியில் எஞ்சின் நின்றால் சுழற்சிச் சமிக்ஞை நின்று, இசியு பம்பை அணைத்துவிடும். அந்தப் பாதுகாப்பை இப்போது நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள். விபத்து நடந்து, சாவி திறந்தபடி இருந்தால், உடைந்த குழாய் வழியாகப் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காயிலின் சமிக்ஞை இருக்கும்வரை மட்டுமே பம்பை ஓடவிடும் ரிலே ஒன்றைப் பொருத்துங்கள். இதை விட்டுவிட்டு வண்டியைச் சாலையில் இறக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

பழைய ஒயர்களில் ஒன்றைப் பயன்படுத்தவும் செய்யலாம். பல கார்புரேட்டர்களில் ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும்) பெட்ரோலை நிறுத்தும் சோலினாய்டு என்னும் மின்வால்வு ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ட் வராவிட்டால் எஞ்சின் ஐடிலில் நிற்காது. சாவி திறந்தால் உயிர்பெறும் ஒயர் ஒன்றை ஃபியூஸோடு அதற்குக் கொடுங்கள். ஒயர்க் கட்டு நுழைந்த துளையை ரப்பர் கொண்டு அடைத்துவிடுங்கள். நம் ஊர் மழையில் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

வேறொரு எஞ்சினையே ஏற்றியிருந்தால், எஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் கட்டாயம். உங்களுடையது அதே எஞ்சின் என்றாலும், பாகங்களை மாற்றியதைப் பற்றி முன்கூட்டியே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பட்டர்வொர்த் விரா:
இருவருக்கும் மிக்க நன்றி. எஞ்சின் அதேதான், எண் மாறவில்லை. ஒயர்மேனிடம் பேசி, ஒயர்க் கட்டை இசியு பக்கத்திலிருந்து பிரிக்க ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். ஆர்பிஎம் மீட்டர் ஒயரை மட்டும் எங்கே இணைப்பது?

செந்தூல் ஒயரிங்:
மீட்டரிலிருந்து வரும் ஒயரைத் தேடி எடுத்து, புதிய காயிலின் எதிர்முனையில் இணையுங்கள். 12 வோல்ட் நேர்முனையில் தவறியும் கொடுக்காதீர்கள், மீட்டர் ஓடாது. பம்ப் ரிலேக்கும் சமிக்ஞை அதே எதிர்முனையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் ஒழுங்காக கிரிம்ப் செய்து, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.