தாத்தாவின் பேனா: நிப்பு மறைந்திருக்கிறது, கிளிப்பில் அம்பு. பார்க்கரா, ஹீரோவா?

மைக்கூடு:
தாத்தாவின் மைப் பேனா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கறுப்பு பாடி, மங்கலான எஃகு மூடி, அம்பு வடிவக் கிளிப். நிப்பு உள்ளே மறைந்து முனை மட்டும் தெரிகிறது. மூடியில் திருகு இல்லை, இழுத்தால் வந்துவிடுகிறது. பாடியில் எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பேனா, எந்த வருடம்? மை எப்படி ஏற்றுவது? பாடியைக் கையால் திருகினால் அசையவே இல்லை. பிளையர் போடலாமா?

பழையநிப்:
பிளையர் வேண்டவே வேண்டாம் சார். பாடி கழல வேண்டிய பேனாவா, கழலக் கூடாத பேனாவா என்பதை முதலில் பார்ப்போம்.

அம்புக் கிளிப் ஒரு சாட்சியே இல்லை. சீனத்து ஹீரோ 616-இலும் அம்புதான். நம் ஊர் டிராயர்களில் "தாத்தாவின் பார்க்கர்" என்று கிடப்பவை பல நேரம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் வர்ணனைக்குப் பொருந்துபவை முக்கியமாக மூன்று: பார்க்கர் 51, 1948-இல் வந்த அதன் மலிவுப் பதிப்பான பார்க்கர் 21, ஹீரோ.

பேனாவின் வால் பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முடி அளவு கோடு தட்டுப்பட்டால் அது தனியாகத் திருகிக் கழலும் சிறு மூடி. உள்ளே ஒரு பொத்தான் இருந்தால் அது வேக்குமேட்டிக், அதாவது பொத்தானை அழுத்தி மை ஏற்றும் வகை 51. 21-இலும் 616-இலும் அந்த அமைப்பு கிடையாது. அவற்றில் பாடியே கழலும், உள்ளே அழுத்துபட்டை வைத்த உலோகக் கூடு இருக்கும். ஹீரோவாக இருந்தால் மூடியில் பெயரோடு சீன எழுத்தும் இருக்கும்.

நிப்பை அடிப்பக்கமாகத் திருப்பி நிறம் பாருங்கள். பொன்னிறம் என்றால் பெரும்பாலும் 51-இன் 14 கேரட் நிப்பு. வெள்ளி நிறம் என்றதும் 51 இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். 1950-இல் வந்த '51 ஸ்பெஷல்' மாடலில் ஆக்டேனியம் என்ற உலோகக் கலவை நிப்புதான்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க: இருட்டு அறையில் டார்ச்சைப் பாடியோடு ஒட்டிச் சாய்த்து அடித்து, பேனாவை மெல்ல உருட்டுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் முகப் பவுடரை விரலால் தடவி, மேலோட்டமாகத் துடையுங்கள். பள்ளத்தில் பவுடர் தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பும்.

மைக்கூடு:
வாலில் கோடு இருக்கிறது, திருகினேன், கழன்றது. உள்ளே பிளாஸ்டிக் பொத்தான். நிப்பு பொன்னிறம். கிளிப்பில் சாய்சதுரம் ஒன்று, நீல வண்ணம் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது. பவுடர் போட்டதில் 'பார்க்கர் 51', 'மேட் இன் யு.எஸ்.ஏ.', பக்கத்தில் 5 என்று வந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி வருகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை.

பழையநிப்:
பார்க்கர் 51 வேக்குமேட்டிக், அமெரிக்கத் தயாரிப்பு, 1945. அந்த எண் ஆண்டின் கடைசி இலக்கம். இந்த வகை 1941 முதல் 1948 வரைதான் வந்தது என்பதால் 5 என்றால் 1955 ஆக முடியாது. எண்ணோடு புள்ளிகள் இருந்தால் அவை காலாண்டைக் காட்டும்: மூன்று புள்ளி முதல் காலாண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். உங்களுடையது தேய்ந்த பாடி, ஆகவே புள்ளி தெரியவில்லை என்பதை வைத்துக் கடைசிக் காலாண்டு என்று சொல்ல மாட்டேன்.

நீலச் சாய்சதுரம் அந்நாளைய ஆயுள்கால உத்தரவாதத்தின் அடையாளம், காலமும் பொருந்துகிறது. ஆனால் மூடிகள் எளிதாக மாறிப்போகும்; வருடத்துக்குப் பாடியை மட்டும் நம்புங்கள். பிராஸோ போட்டு மூடியைத் தேய்த்துவிடாதீர்கள். அந்த மங்கல்தான் அதன் அசல் மெருகு.

கிளட்ச்வளையம்:
பாடி அசையாததன் காரணம் இதுதான்: வேக்குமேட்டிக்கில் நிப்பை மூடியிருக்கும் கழுத்துப் பகுதி அரக்கு போட்டு ஒட்டப்பட்டது. மை ஏற்ற அதைக் கழற்றத் தேவையே இல்லை.

தண்ணீர் ஏறாததற்கு முதல் சந்தேகம் டயாஃப்ரம். பொத்தானின் அடியில் இருக்கும் ரப்பர் பை அது. நிப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்துங்கள். குமிழே வரவில்லை என்றால் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது காய்ந்த மை வழியை அடைத்திருக்கும். அடைப்பை முதலில் தீர்த்துவிடுங்கள்: கிளட்ச் வளையம் (கழுத்தும் பாடியும் சேரும் இடத்து உலோக வளையம்) வரை சாதாரணத் தண்ணீரில், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஒரு நாள் நிற்க வையுங்கள். நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றுங்கள். வெந்நீர், ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது. பாடி அக்ரிலிக், ஸ்பிரிட் பட்டால் நுண்ணிய வெடிப்பு விடும், ரிமூவரில் உள்ள அசிட்டோன் கரைத்தே விடும்.

பிறகும் குமிழ் இல்லையென்றால் டயாஃப்ரம் மாற்ற வேண்டியதுதான். வேக்குமேட்டிக் டயாஃப்ரம் இரண்டு அளவில் கிடைக்கும், 51-க்குச் சிறியது. பம்பை (பொத்தானும் டயாஃப்ரமும் சேர்ந்த பாகம்) கழற்ற அதற்கென்றே உள்ள திருகு பிடிப்பான் வேண்டும். பிளையரால் பிடித்தால் மரை நசுங்கி, வால் மூடி மறுபடி ஏறாது. பழைய ரப்பரின் நுனியிலுள்ள சிறு உருண்டை (குண்டு) பொத்தான் தண்டின் குழிக்குள் கல்லாகக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதுக் குண்டு உட்காராது. புது ரப்பரில் டால்கம் தடவாமல் திருகினால் அது பாடியோடு ஒட்டி முறுக்கிக்கொள்ளும். முதல் வேலையாக இதில் கை வைப்பதைவிட, பேனா பழுதுபார்ப்பவரிடம் "வேக்குமேட்டிக் செய்ததுண்டா" என்று கேட்டுக் கொடுப்பதே நல்லது.

ஊதாமை:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் உள்ள 51-இல் பாடி கழல்கிறது, உள்ளே உலோகக் கூடு. அழுத்திவிட்டால் கொஞ்சம்தான் மை ஏறுகிறது. பை போயிற்றா?

கிளட்ச்வளையம்:
அது 1948-க்குப் பிந்தைய ஏரோமெட்ரிக், அதாவது பையை அழுத்தி மை ஏற்றும் வகை. அந்தப் பை ரப்பர் இல்லை, பிளாஸ்டிக் வகை. இன்றும் பல பேனாக்களில் அசல் பையே வேலை செய்கிறது. ஒரே அழுத்தில் நிறையாது. பைக்குள் மெல்லிய மூச்சுக்குழாய் ஒன்று மேல்வரை போகிறது. ஒவ்வொரு அழுத்தும் மைக்கு மேலே நிற்கும் காற்றை அதன் வழியே வெளியேற்றுவதால் மட்டம் படிப்படியாக ஏறும். நிப்பு மைக்குள் இருக்க ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓரிரு நொடி விட்டு அழுத்துங்கள். அப்படியும் கால் பைதான் என்றால் குழாய் அரித்துப் போயிருக்கலாம். ஆரம்பக் கால வெள்ளிக் குழாய்களை பார்க்கரின் அந்நாளைய சூப்பர்குரோம் மை அரித்தது.

பழையநிப்:
இரண்டு பேருக்கும்: கேமல், பிரில் போன்ற சாதாரண மைப் பேனா மை போதும். படம் வரையும் வாட்டர்புரூஃப் கறுப்பு மையை ஊற்றினால் உள்ளேயே காய்ந்து இறுகும். அதன்பின் கழுத்தைச் சூடுகாட்டிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.