ரிவர்சலா, ஐவிஎஃப்பா: அந்த 71 சதவீதத்தைக் கிளப்பிவிட்டது யார்?

கொளத்தூர் கோமதி:
நேற்று சேலத்துப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். தனக்கு 34, கணவருக்கு 53, அவருக்கு இது இரண்டாம் கல்யாணம், முதல் மனைவி இருந்தபோது அவர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டு 17 வருஷம் ஆகிறது, இப்போது விந்துக்குழாயைத் திரும்ப இணைக்கும் ரிவர்சலா, நேராக ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் முறைக்குப் போவதா என்று. அதற்கு ஈரோட்டுக்காரர் "ரிவர்சல்தான், 15 வருஷம் தாண்டினாலும் 71 சதவீதம் வெற்றி" என்று ஒரே வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. 71 என்ன 71? விந்தில் அணு மறுபடி தென்பட்டவர்களின் கணக்கு அது. அதே ஆய்வில் கர்ப்பம் வரை போனது 30 சதவீதம்தான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் சமையல் முடிந்தது என்பீர்களா?

ஈரோட்டுக்காரன்:
வந்துவிட்டீர்களா மேடம். 1991-இல் அமெரிக்காவில் ஆயிரத்து நானூறு ஆண்களுக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு அது, வாட்ஸப்பில் பொறுக்கியது இல்லை. அடைத்த பாதையைத் திறப்பதுதான் அந்த ஆபரேஷனின் வேலை. 100 பேரில் 71 பேருக்குத் திறந்தது. அதற்குமேல் நடப்பதற்கு சர்ஜன் பொறுப்பா? எனக்கு ஐந்தாம் மாதமே அணு வந்தது, பையன் இப்போது எல்.கே.ஜி. என் வீட்டுக்காரி ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

கொளத்தூர் கோமதி:
உங்களுக்கு கு.க. செய்த எத்தனையாவது வருஷம் இணைத்தார்கள்? நீங்களே முன்பு எழுதியதுதான், நாலாவது வருஷம். வீட்டுக்காரிக்கு அப்போது 27. அந்த வரிசைக்கு அதே ஆய்வில் கர்ப்பம் 53 சதவீதம். உங்கள் சட்டையை 17 வருஷக்காரருக்கு மாட்டிவிடாதீர்கள். 30 என்று எழுதக் கை வராதா?

லேப் லிங்கம்:
இரண்டு பேரும் வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள்? அணு தெரிவதா, கர்ப்பமா, பிரசவமா? அதை முடிவு செய்யாமல் சண்டை போட்டால் விடியாது. அப்புறம், வருஷம் ஏற ஏற விரைக்குப் பின்னால் இருக்கும் சுருள்குழாயிலும் அடைப்பு விழலாம். அப்போது விந்துக்குழாயை நேராக அந்தச் சுருளோடு இணைக்க வேண்டும். அது இன்னும் நுணுக்கமான வேலை, பலன் குறைவு. மேசையில் திறந்து, வரும் திரவத்தைப் பார்த்தபிறகுதான் எது தேவை என்றே தெரியும்.

ஈரோட்டுக்காரன்:
லிங்கம் சார், நன்றி. ஆனால் 71 என்பது 71தான்.

தஞ்சாவூர்த் தங்கம்:
எனக்கு ஒன்று புரியவில்லை. குழாய் அடைத்தது அவருக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி இவளுக்கா? முட்டை எடுக்க மயக்க மருந்தும் இவளுக்கா? கோமதி அக்கா இதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

கொளத்தூர் கோமதி:
தங்கம், அந்த ஊசியை இரண்டு சுற்று போட்டுக்கொண்டவள் நான், மூன்றே முக்கால் லட்சம் போனது. என் வீட்டுக்காரருக்கும் இதே கதைதான். அணு உற்பத்தி நிற்பதில்லை, வழிதான் அடைப்பு, அதனால் ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஒரு முட்டைக்குள் ஒரு அணுவாகச் செலுத்தினார்கள். இக்ஸி என்பார்கள். முதல் தடவை தோல்வி, இரண்டாம் தடவை பெண் குழந்தை. வலி தெரியாமல் பேசுகிறேன் என்று சொல்லாதே. அவர் வயசைப் பாரு. 2021-இல் வந்த சட்டப்படி ஐவிஎஃப் மாதிரி சிகிச்சைக்கு ஆண் 55-க்குள் இருக்க வேண்டும், பெண் 50-க்குள். ஆபரேஷன் செய்து, அணு வருகிறதா என்று ஆறு மாதம், ஒரு வருஷம் காத்து, அப்புறம் மாதாமாதம் பார்த்து, கடைசியில் ஐவிஎஃப் என்று போனால் கதவு சாத்தியிருக்கும்.

ஈரோட்டுக்காரன்:
ரிவர்சலுக்கு அந்த வயது வரம்பு கிடையாது, அதையும் சொல்லுங்கள். போன தீபாவளிக்கு நெல்லிக்காய்ச் சாறு குடித்தால் ஏஎம்எச், அதுதான் பெண்ணின் முட்டை இருப்பைக் காட்டும் ரத்த அளவு, ஏறும் என்று எழுதியவர் இன்று சட்டம் பேசுகிறார்.

கொளத்தூர் கோமதி:
நெல்லிக்காய் எழுதியது என் நாத்தனார், என் கணக்கிலிருந்து. அப்போதே சொல்லிவிட்டேன். 30-க்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லைப் பெரியவர்:
53 வயதில் எதற்குப்பா இதெல்லாம்? பேரன் எடுக்கிற வயசு. பிள்ளைக்குக் காதுகுத்தும்போது தாத்தாவா அப்பாவா என்று ஊர் கேட்கும்.

தஞ்சாவூர்த் தங்கம்:
பெரியவரே, 34 வயதுப் பெண்ணை 53 வயதுக்காரர் கட்டும்போது சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது கேட்டிருக்கலாமே.

நெல்லைப் பெரியவர்:
எனக்குப் பத்திரிகையே வரவில்லையம்மா.

லேப் லிங்கம்:
அப்பாவின் வயது கூடக் கூட அணுவில் புது மரபணுப் பிறழ்வுகள் வருஷத்துக்கு இரண்டு வீதம் கூடுவதாக 2012-இல் ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து சொன்னார்கள். ஆனால் அது இரண்டு வழிக்கும் பொது. ரிவர்சல் செய்யும்போதே கொஞ்சம் அணுவை எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம், அதையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
பார்த்தீர்களா, லிங்கம் சாரே ரிவர்சல் செய்யும்போது என்கிறார்.

லேப் லிங்கம்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

சேலத்துப்பெண்:
அக்கா, அண்ணா, நான்தான் கேட்டேன். எனக்கு ஏஎம்எச் 1.2 என்று வந்திருக்கிறது. அதை வைத்துக் காத்திருக்கலாமா, கூடாதா? அதைத்தான் முதலிலேயே கேட்டிருந்தேன். அவருக்கு சித்திரை வந்தால் 54.

கொளத்தூர் கோமதி:
அதற்குத்தான் வருகிறேன்மா, 1.2 என்றால் தள்ளிப்போடாதே, இந்த வாரமே ஒரு நல்ல டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். ஈரோட்டுக்காரரே, கேட்டீர்களா? 54! இப்போதாவது 30 என்று எழுதுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
71.