முதல் மான் வேட்டை: குண்டு பட்டதும் உடனே பின்னாடி போகலாமா?

புதுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். லைசென்ஸ், பாதுகாப்பு வகுப்பு ரெண்டும் முடிச்சாச்சு. வெள்ளைவால் மான், பாயிண்ட் 308 ரைபிள், பரண்மேல இருந்து 100 கஜத்துக்குள்ளதான் சுடப்போறேன். ரைபிள் மேல இருக்கிற ஸ்கோப்பை (குறிபார்க்கிற தொலைநோக்கி) எப்படி ஜீரோ பண்றது, அதாவது குறி வச்ச இடத்துலயே குண்டு படுற மாதிரி எப்படித் திருத்தறது? எங்கே குறி வைக்கணும்? அடிபட்டு ஓடிட்டா என்ன செய்யறது?

குழல்நேர்:
ஸ்கோப் வளையத் திருகு இறுக்கமா இருக்கான்னு முதல்ல பாருங்க. அது ஆடினா எத்தனை தோட்டா தீர்த்தாலும் சரிவராது. 25 கஜத்துல ஆரம்பிச்சு அப்புறம் 100க்குப் போங்க. ஸ்கோப் திருகோட ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு, 100 கஜத்துல ஏறக்குறைய ஒரு அங்குலம்) நகர்ற ஸ்கோப்னா, ஒரு அங்குலம் திருத்த 100 கஜத்துல 4 கிளிக், 25 கஜத்துல 16 கிளிக். புதுசா வர்றவங்க குழம்புறது இங்கேதான். மூணு குண்டு சுட்டு, அந்த மூணுக்கும் நடுவை வச்சுத் திருத்துங்க. ஒவ்வொரு குண்டுக்கும் திருகிட்டே இருந்தா விடியாது. குழல் சூடேறினா ஆறவிடணும். மணல்பை முன்கட்டைக்கு (குழலுக்குக் கீழ இருக்கிற கைப்பிடிப் பகுதி) அடியில இருக்கட்டும், குழலுக்கு முட்டு குடுக்கக் கூடாது. வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே வச்சு ஜீரோ பண்ணுங்க. குண்டு எடை மாறினா படுற இடமும் மாறும்.

ரத்தத்தடம்:
மான் பக்கவாட்டுல நின்னா, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால, உடம்போட உயரத்துல கீழிருந்து மூணுல ஒரு பங்கு. அங்கே இதயமும் நுரையீரலும் ஒண்ணா இருக்கு. பின்புறம் உங்க பக்கம் சாய்ஞ்சு நின்னா, குண்டு அந்தப் பக்க முன்னங்கால்ல வெளியேறுற மாதிரி கணக்குப் போடுங்க. நேரா உங்களைப் பார்த்து நிக்கிற மானைப் புது ஆள் விட்டுடறதே நல்லது.

சுட்டதும் கீழே இறங்காதீங்க! மான் நின்ன இடத்தையும் கடைசியாக் கண்ணுல பட்ட மரத்தையும் மனசுல குறிச்சுக்கங்க. பின்னங்காலை உதைச்சுட்டுப் பாய்ஞ்சா பெரும்பாலும் நெஞ்சுல பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கிட்டு மெதுவா நடந்தா வயித்துல பட்டிருக்கு. அப்புறம் ரத்தத்தைப் பாருங்க. நுரை கலந்த இளஞ்சிவப்பு நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பு ஈரல், மூணு நாலு மணி நேரம். பச்சையாத் தண்ணி மாதிரி, நாத்தமும் அடிச்சா குடல். அதுக்கு 8 முதல் 12 மணி நேரம் விடணும். அவசரப்பட்டா படுத்த மான் எழுந்து மைல் கணக்குல போயிடும், ரத்தமும் நின்னுடும்.

குழல்நேர்:
12 மணி நேரம்கறது குளிர் நாளுக்குச் சரி. வெயில்னா இறைச்சி கெட்டுடும், மழை வந்தா தடம் கழுவிட்டுப் போயிடும். அந்த மாதிரி நேரத்துல சீக்கிரமே, சத்தமில்லாம, காற்றுக்கு எதிரா தேடணும். சட்டம் அனுமதிச்சா தடம் தேடுற நாயைக் கூப்பிடுங்க.

புதுக்கை:
ரெண்டு பேருக்கும் நன்றி. ரத்தமே இல்லாட்டி? தவறிப்போச்சுன்னு விட்டுடலாமா?

ரத்தத்தடம்:
கூடாது. பரண்மேல இருந்து சுட்டா குண்டு மேல நுழையும். கீழ வெளியேறாம உள்ளயே தங்கிட்டா ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளதான் நிறையும், தரையில ஒரு சொட்டுகூட விழாம 50 கஜம் ஓடும். நின்ன இடத்துல வெட்டுப்பட்ட முடி, எலும்புத் துண்டு கிடக்கான்னு குனிஞ்சு பாருங்க. கிடைக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்துல ஒரு துண்டு டிஷ்யூ வைங்க. பின்னாடி திரும்பிப் பார்த்தா போன திசை தெரியும். தடத்துமேல மட்டும் நடக்காதீங்க, ஓரமாப் போங்க.

பரண்வாசி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கீழே விழாம தாங்குற முழு உடம்புப் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலயே மாட்டிப் பாதுகாப்புக் கயித்துல கோத்துக்கிட்டு ஏறணும், உட்கார்ந்த பிறகு மாட்டறதுல பிரயோஜனமில்லை. விழுறது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். துப்பாக்கியில தோட்டா இல்லாம, குழல் கீழ்நோக்கி, கயிறு கட்டி மேல இழுங்க. காத்து மான் வர்ற பக்கம் அடிச்சா அன்னிக்கு அந்தப் பரண்ல உட்காராதீங்க. காலையில தரை சூடேறச் சூடேற உங்க உடம்பு வாசனை சரிவுல மேல ஏறும், சாயங்காலம் கீழே இறங்கும். காத்தே இல்லாத நாள்லயும் இதை வச்சுத்தான் இடம் பிடிக்கணும்.