மதுரை சொந்தங்கள் குழு: சித்தியோட ஹூப்பும் கஸ்டம்ஸ் கணக்கும்

விளாங்குடி சித்தி: எம்பிராய்டரி மெஷின் ஹூப் ஒண்ணு, துணியை இறுக்கிப் பிடிக்கிற சட்டம், வெளிநாட்டு சைட்டுல 4,000 ரூபா காட்டுது. கூரியர் தனியா 1,000. மொத்தம் 5,000தான? ஆர்டர் போட்டுறட்டா?

செல்லூர் மாமா: இரும்மா, அவசரப்படாத. அது கடைக்காரன் விலை. கஸ்டம்ஸ் வரி அதுல சேந்திருக்கான்னு பணம் கட்டுற பக்கத்துல பாரு. ‘வரி உட்பட’ன்னு இல்லைன்னா வாசல்ல வந்து நிக்கும்போது நீதான் கட்டணும்.

விளாங்குடி சித்தி: அப்படி எதுவும் போடலண்ணே. வரி 4,000க்கு மட்டும்தான?

கோச்சடை அண்ணன்: இல்ல சித்தி. பொருள் விலை, விமானக் கூலி, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டித்தான் மதிப்பு எடுப்பாங்க. ஆனா விமானத்துல வர்ற சரக்குக்கு, கூலியை பொருள் விலையில 20 சதவீதத்துக்கு மேல சேக்கக்கூடாது. 2007 மதிப்பீட்டு விதியிலயே இருக்கு. நீங்க 1,000 குடுத்தாலும் 800தான் சேரணும். இன்சூரன்ஸ் பில்லுல இல்லைன்னா பொருள் விலையில 1.125 சதவீதம், 45 ரூபா. ஆக மதிப்பு 4,845.

கோச்சடை அண்ணன்: இனிமேதான் வரி. உதாரணத்துக்கு அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம், இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி, அதான் ஐஜிஎஸ்டி, 18 சதவீதம்னு வச்சுக்குவோம்.
4,845ல 10 சதவீதம் = 484.50
அந்த 484.50ல 10 சதவீதம் சமூக நல செஸ் = 48.45
மூணையும் கூட்டினா 5,377.95
அதுக்கு மேல ஐஜிஎஸ்டி 18 = 968.03
வரி மட்டும் சுமார் 1,501 ரூபா.

விளாங்குடி சித்தி: ஆத்தி! வரிக்கு மேல வரியா?

கோச்சடை அண்ணன்: ஆமா. 10ம் 18ம் கூட்டி 28னு நெனச்சுத்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. கணக்குல 30.98 வரும். இது உதாரணம்தான், உண்மையான அடிப்படைச் சுங்க விகிதம் வேற மாதிரி இருக்கலாம். விக்கிறவன்கிட்ட எச்.எஸ். கோடு, அதான் பொருளோட சுங்க வகை எண், கேளுங்க, சுங்கத்துறையோட ஐஸ்கேட் சைட்டுல அதைப் போட்டா விகிதம் வரும்.

செல்லூர் மாமா: கூரியர்காரன் உனக்குப் பதிலா வரியை முன்கூட்டியே கட்டுனதுக்கு ஒரு கட்டணம் போடுவான், அதுக்கும் ஜிஎஸ்டி உண்டு. சின்னப் பொருளுக்கு அதுதான் வயித்தெரிச்சல். தபால்ல வந்தா தபால்காரர் வரியையும் கையாளும் கட்டணத்தையும் வாங்கிட்டுக் குடுப்பாரு. நாள்தான் கூட ஆகும்.

கோச்சடை அண்ணன்: விலை டாலர்ல இருந்தா இன்னொண்ணு. கூகுள்ல வர்ற ரேட்டு வேற, சுங்கத்துறை இறக்குமதிக்குன்னு அறிவிக்கிற ரேட்டு வேற. வரிக்கு அதுதான் கணக்கு. கார்டுல பணம் மாத்துறதுக்கு பேங்க்காரன் எடுக்கிற மார்க்கப் கட்டணம் தனி.

திருமங்கலம் பெரியம்மா: ‘கிஃப்ட்’னு எழுதி அனுப்பச் சொன்னா வரி கெடையாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே?

செல்லூர் மாமா: வேணாம்க்கா, அது பழைய கதை. முன்னாடி 5,000 ரூபா வரைக்கும் கிஃப்ட்டுக்கு விலக்கு இருந்துச்சு. 2019 டிசம்பர்ல கிஃப்ட்டுன்னு சொல்லி வரி கட்டாம தபால்லயோ கூரியர்லயோ இறக்குறதைத் தடை பண்ணிட்டாங்க. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும்தான் விதிவிலக்கு. ஆன்லைன்ல வாங்குனதும் அந்தத் தடையில அடக்கம். விலையைக் கொறச்சு எழுதச் சொல்றதும் தப்பு. அவங்க அந்த சைட்டையே தொறந்து விலை பாப்பாங்க. மாட்டுனா சரக்கைப் பறிமுதல் பண்ணலாம், அபராதமும் விழும்.

விளாங்குடி சித்தி: சரிண்ணே, உள்ளதையே போடச் சொல்றேன். தெருவுல தைக்கிறவங்க நாலஞ்சு பேரு கேக்குறாங்க, பத்து ஹூப்பா போட்டுறவா?

கோச்சடை அண்ணன்: பத்து போட்டா சொந்த உபயோகம்னு சொன்னா நம்ப மாட்டாங்க சித்தி. வியாபாரச் சரக்குன்னு ஐஇசி நம்பர், அதான் ஏத்துமதி இறக்குமதி பண்றவங்களுக்கான அடையாள எண், கேட்டு நிறுத்திருவாங்க. ஐஇசி ஆன்லைன்ல 500 ரூபா கட்டி எடுக்கலாம். கடைக்கு ஜிஎஸ்டி இருந்தா, பார்சல் கெளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு நம்பரையும் கூரியர்ல குடுத்து ஆவணத்துல ஏத்தச் சொல்லணும். அப்பத்தான் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியா திருப்பி எடுக்க முடியும். சரக்கு வந்தப்புறம் சொன்னா படாத பாடு.

செல்லூர் மாமா: பேரு விஷயத்துல கவனமா இரு. அந்த சைட்டுல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் இருக்கும். நம்மாளுக இனிஷியலை விட்டுட்டு வீட்டுக்காரர் பேரைக் கடைசில போட்டுர்றாங்க. கூரியர் கேஒய்சிக்கு ஆதார் கேக்கும்போது பேரு ஒத்துப்போகாம பார்சல் அங்கிட்டே கெடக்கும், நாளாக நாளாக கிட்டங்கி வாடகை ஏறும். ஆதார்ல இனிஷியலோட எப்படி இருக்கோ அப்படியே அடி. கதவு நம்பர் பழசு, புதுசு ரெண்டையும் போடு.

திருமங்கலம் பெரியம்மா: எனக்கு இப்பத்தான் ஒரு மெசேஜ். பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குதாம், லிங்க்குல 49 ரூபா கட்டணுமாம்.

கோச்சடை அண்ணன்: பெரியம்மா, தொடாதீங்க!! நீங்க எதுவும் ஆர்டர் போட்டீங்களா?

திருமங்கலம் பெரியம்மா: ஒண்ணும் போடலய்யா.

கோச்சடை அண்ணன்: அப்ப அது கார்டு நம்பரைப் பிடிக்கிற தூண்டில். 49 ரூபான்னா யோசிக்காம கட்டிருவோம்னுதான் சின்னத் தொகையா போடுறான். உண்மையான தபால் பார்சலுக்கு 2 எழுத்து, 9 எண், கடைசில நாட்டு எழுத்து 2னு நம்பர் இருக்கும். அதைத் தபால்துறை சைட்டுல நீங்களே அடிச்சுப் பாக்கணும், மெசேஜ்ல வந்த லிங்க்குல இல்ல. சுங்கத்துறை கடிதம்னு யாராச்சும் காட்டுனா அதுல டின்ங்கிற ஆவண அடையாள எண் இருக்கணும், மறைமுக வரி வாரியத்தோட சைட்டுல சரிபாக்கலாம். தெரியாமக் கட்டிட்டா ஒடனே 1930, சைபர் மோசடிப் புகார் நம்பருக்குப் போன் போடுங்க.

திருமங்கலம் பெரியம்மா: அழிச்சுட்டேன். பூச்செடி விதை வாங்கலாம்னு இருந்தேன், அதுவும் இப்படி மாட்டுமா?

செல்லூர் மாமா: விதைக்கு வரி பிரச்சினை இல்லக்கா, அனுமதி பிரச்சினை. 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் வேணும். சின்னப் பாக்கெட்டா இருந்தாலும் விட மாட்டாங்க. வெளிநாட்டுப் பூச்சி, நோய் நம்ம வயலுக்கு வந்துரக் கூடாதுல்ல. பேரனுக்கு ட்ரோன் கேட்டியே, அதுவும் 2022 பிப்ரவரில இருந்து இறக்குமதி தடை.

விளாங்குடி சித்தி: ஹூப் உடைஞ்சு வந்தா கட்டுன வரி திரும்பக் கெடைக்குமா?

கோச்சடை அண்ணன்: சட்டத்துல வழி இருக்கு, 26ஏ பிரிவு. சரக்கு விடுவிச்ச 30 நாளுக்குள்ள திருப்பி ஏத்துமதி பண்ணணும், இல்லைன்னா சுங்கத்துறைகிட்டயே விட்டுரணும், இல்ல அவங்க முன்னாடி அழிக்கணும்; பயன்படுத்தியிருக்கக் கூடாது. 1,500 ரூபாய்க்கு அந்த அலைச்சல் கட்டாது. பெட்டி பிரிக்கிறப்பவே ஒட்டியிருக்குற லேபிள் தெரியுற மாதிரி வீடியோ எடுத்துக்கங்க. உடைஞ்சிருந்தா பொருளைத் திருப்பி அனுப்பாம விக்கிறவன்கிட்ட பணத்தைக் கேளுங்க.

செல்லூர் மாமா: ஆக 5,000, வரி 1,500, மேல கூரியர் கட்டணம். 7,000 பக்கம் வந்துரும். இங்க கெடைக்கிற ஹூப் அதுக்குக் கொறைவா இருந்தா அதையே வாங்கிரு.

விளாங்குடி சித்தி: என் மெஷின் மாடலுக்கு இங்க வர்றதில்லண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் போடுறேன். எச்.எஸ். கோடும், கூலியைத் தனியாக் காட்டுன பில்லும் கேட்டு இப்பத்தான் எழுதிருக்கேன். பேரையும் ஆதார்ல உள்ளபடி மாத்திட்டேன்.