இறங்கலா, இறக்கலா? நாணய மதிப்புக்கு நான்கு சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொற்கோவைக்காகச் சென்னை நண்பர் இட்ட மடலிலிருந்து தொடங்குகிறேன்.

> ரூபாயின் மதிப்பு கூடுவதை 'நாணய வலிமை' என்றும் குறைவதை 'நாணய நலிவு' என்றும் கோவையில் சேர்க்கலாம். 'தேய்மானம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதையும் மாற்றுச்சொல்லாகத் தரலாம்.

இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் தேய்மானம். யாழ்ப்பாணத்தில் உயர்தர (உங்கள் ஊர்ப் பிளஸ் டூ) மாணவருக்குக் கணக்கியல் படிப்பிக்கிறவன் நான். இயந்திரமும் லொறியும் பழசாகிப் பெறுமதி குறைவதற்கு எங்கள் பாடத்தில் 'பெறுமானத் தேய்வு' என்று பெயர். 2022இல் ரூபா விழுந்துகொண்டிருந்தபோது, பத்திரிகையில் 'ரூபாவின் தேய்மானம்' என்று படித்துவிட்டு வந்த ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், ரூபாவுக்கு ஆயுட்காலம் எத்தனை வருசம்? நேர்கோட்டு முறையிலயோ தேய்க்கிறது?" (ஆயுட்காலம் முழுக்க வருடாவருடம் ஒரே தொகையைக் கழிப்பதுதான் நேர்கோட்டு முறை.) வகுப்பே சிரித்தது. அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அவனுக்கு நாங்கள் கொடுத்த சொல் அப்படி. தேய்ந்த லொறி திரும்பப் புதிதாகாது. ரூபா ஏறும். 2022 முடிவில் ஒரு டொலர் ஏறக்குறைய 363 ரூபா. 2023 முடிவில் 324 ரூபா.

அடுத்தது வலிமை, நலிவு. யாருக்கு நலிவு? கொழும்புப் பங்குச் சந்தையையே பாருங்கள். ஆடை, இறப்பர்க் கையுறை, சிரட்டைக்கரி ஏற்றுமதி செய்யும் கம்பனிக்கு வரவு டொலரில், சம்பளச் செலவு ரூபாவில். ரூபா விழ விழ அதன் இலாபம் ரூபாக் கணக்கில் ஊதும், பங்கு விலையும் கூடவே போகும். மருந்தோ இரும்போ இறக்குமதி செய்கிறவருக்கு நேரெதிர். டொலரில் கடன்பட்டவர் பாடு அதைவிட மோசம்: பத்து இலட்சம் டொலர்க் கடன், 200 ரூபா வீதத்தில் 20 கோடி; 360இல் 36 கோடி. ஒரு சதம் புதிதாகக் கடன் வாங்காமலே 16 கோடி செலாவணி நட்டமாக இலாப நட்டக் கணக்கில் வந்து குந்தும். ஒரே ரூபா, ஒரே நாள், ஒரே சந்தை. இதில் 'நலிவு' என்று எழுதினால் நாம் ஏதோ ஒரு கம்பனியின் பக்கம் நின்று பேசுகிறோம்.

வெளிநாட்டு முதலீட்டாளர் கணக்கு வேறு. டொலர் 200 ரூபாவாக இருக்கையில் 100 ரூபாப் பங்கு ஒன்றை அவர் வாங்கினால் அது அவருக்கு 50 அமெரிக்கச் சதம். பங்கு 150 ஆகிறது, டொலரும் 360 ஆகிறது. இப்போது விற்றால் கையில் வருவது ஏறத்தாழ 42 சதம். இங்கே 50 சதவீத இலாபம், அவருக்கோ நட்டம்.

முறிகளில் (உங்கள் ஊர்க் கடன்பத்திரம்தான்) இப்படிப் பக்கம் பிரியாது. ரூபா விழுந்தால் இறக்குமதிப் பொருள் விலை ஏறும், பணவீக்கம் வரும், மத்திய வங்கி வட்டியைக் கூட்டும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் (அரசு குறுங்காலக் கடன் வாங்கும் பத்திரம்) விளைவு வீதம், அதாவது அதில் கிடைக்கும் வருடாந்த வட்டி, 30 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு வருடம் கழித்து 100,000 ரூபா தரும் உண்டியலின் விலை 8 சதவீதத்தில் 92,593 ரூபா. 30 சதவீதத்தில் 76,923 ரூபா. பழைய வீதத்தில் வாங்கியவர் இடையில் விற்கப்போனால் கை சுடும். முறியின் காலம் நீள நீளச் சூடும் கூடும்.

'உண்டியல்' என்ற சொல்லுக்கும் ஒருநாள் தனி இழை தொடங்க வேண்டும். திறைசேரி உண்டியலில் காசு போடலாமே என்று சின்னம்மாவிடம் சொன்னேன். "அது பிழையான வேலையெல்லோ தம்பி" என்றார். வெளிநாட்டுக் காசு வங்கிக்குப் போகாமல் கைமாறும் வழிக்கும் இங்கே அதே பெயர்தான். 2022 தொடக்கத்தில் வங்கியைவிட அந்த உண்டியலில் டொலருக்குக் கூடுதல் ரூபா கிடைத்தது; ஆகவே டொலர் வங்கிப் பக்கம் வரவில்லை; ரூபாவைப் பிடித்து வைப்பது இன்னும் கடினமாயிற்று.

சரி, என் முன்மொழிவு. புதுச்சொல் தேட வேண்டியதில்லை, தன்வினை பிறவினை போதும். "பஸ்ஸால இறங்கினன், மூட்டையை இறக்கினன்" என்கிறோமே, அதேதான். சந்தையில் தானாக விழுவது மதிப்பிறங்கல். அரசோ மத்திய வங்கியோ குறைப்பது மதிப்பிறக்கல். சந்தையில் தானாகக் கூடுவது மதிப்பேறல், அதிகாரத்தால் கூட்டுவது மதிப்பேற்றல். இலங்கையில் 'பெறுமதி' என்போம். இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 'மதிப்பு' போட்டேன். இப்போது புழங்கும் 'மதிப்பிறக்கம்' இரண்டுக்கும் இடம் கொடுத்து நழுவுகிறது.

1966 ஜூன் 6இல் இந்தியா ஒரு டொலரை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆக்கியது, 1967 நவம்பரில் இலங்கை 20 சதவீதம் குறைத்தது, இவை மதிப்பிறக்கல். 2022 மார்ச் 7இல் நடந்ததைச் சொல்லவும் இரண்டு சொல்லும் வேண்டும். 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலரை 230 வரை போகலாம் என்று மத்திய வங்கி விட்டது: மதிப்பிறக்கல். சில நாட்களிலேயே அந்த 230உம் நிற்கவில்லை: மதிப்பிறங்கல்.

முதலீட்டாளருக்கு இந்த வேறுபாடு காசு. இறக்கி முடிந்துவிட்டது, இனி விழாது என்று நம்பினால் வெளியார் ரூபா முறியை வாங்க வருவார், மலிவாகக் கிடைக்கிறதே. இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் காத்திருப்பார், அல்லது வரப்போகும் வீழ்ச்சியையும் சேர்த்து வட்டி கேட்பார்.

நேற்று வந்த மறுப்பையும் பார்த்தேன்.

> 'இறங்கல்', 'இறக்கல்' காதில் ஒன்றுபோல விழும். செய்தி வாசிப்பவர் தடுமாறுவார்.

தடுமாறமாட்டார். பஸ் நடத்துநரின் இரைச்சலிலேயே நாங்கள் 'இறங்கு', 'இறக்கு' இரண்டையும் பிரித்துக் கேட்கிறோம். 'மதிப்பேற்றல்' பற்றித்தான் எனக்கே கொஞ்சம் தயக்கம். சரக்கில் இலாபம் வைத்து விலை கூட்டுவதுபோல் ஒலிக்கிறது. ஆனால் அது அரிதாகவே தேவைப்படும் சொல்.

கோவையில் சேர்ப்பதானால் ஒரு வேண்டுகோள். எடுத்துக்காட்டாக இப்போதுள்ள 'செலாவணி வீதம் உயர்ந்தது' என்ற வசனத்தை எடுத்துவிடுங்கள். ஒரு டொலர் 200 ரூபா என்பது 360 ஆனால் வீதம் உயர்கிறது, ரூபா விழுகிறது. என் வகுப்பில் பாதிப்பேர் அந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். 'ரூபா மதிப்பிறங்கியது' என்று ரூபாவையே எழுவாயாக வைத்து எழுதுங்கள்.