கொண்டையில் தூள் தீர்ந்த பிறகு வந்த பட்டு

மக்காச்சோளத்தில் கொண்டை (செடியின் உச்சியில் வரும் ஆண் பூ) பூத்த வாரத்தில்தான் எங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. பதினோரு நாள். காலையிலேயே தோகை சுருண்டு குழலாகிவிடும். ஆனால் கொண்டையைத் தட்டினால் மஞ்சள் தூள், அதாவது மகரந்தம், தாராளமாகக் கொட்டியது. அதைப் பார்த்தே மணி பிடித்துவிடும் என்று நம்பி, கதிர்ப் பக்கம் கவனிக்காமல் இருந்துவிட்டேன். பட்டு (கதிரின் பெண் பூ இழைகள்) எட்டிப் பார்த்தபோது பாதிச் செடிகளில் தூள் தீர்ந்திருந்தது. அறுவடையில் உரித்தால் அடியில் மூன்று விரல் அளவுக்கு மணி, மேலே வெறும் தக்கை.

வெயிலில் மகரந்தம் செத்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் படித்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. உதிர்ந்த தூள் சூடான உலர்காற்றில் சில மணி நேரத்துக்குள் வீணாகிவிடும், சரி. ஆனால் கொண்டை கிட்டத்தட்ட ஒரு வாரம் தினமும் காலையில் புதுத் தூள் விடுகிறது. 1986-இல் வெஸ்ட்கேட், பாயர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் நீர் வற்றிய மகரந்தமும் வேலை செய்தது. பட்டு வாடியபோதுதான் மணி பிடிக்கவில்லை. பட்டு நீள்வதற்கே தண்ணீர் வேண்டும். அது குறைந்தால் பட்டு பிந்தும், கதிர் நுனி மணிகளுக்கான பட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். அதனால்தான் என் கதிர்களில் நுனி காலி.

மெக்சிகோவிலுள்ள சிம்மிட் ஆய்வு நிறுவனம் வறட்சி தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஆண் பூ வந்து எத்தனை நாளில் பட்டு வருகிறது என்பதை முக்கிய அடையாளமாகப் பார்த்தது. இடைவெளி குறைந்த செடிகளே வறட்சியில் கூடுதல் மணி தந்தன. இப்போது விதை வாங்கும் முன் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

*

மேலே எழுதியவரைப் போல எனக்கும் இதே அனுபவம். ஆனால் அறுவடை வரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டு வந்து சில நாள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, பட்டு அறுந்துவிடாமல் மேலுறையை மெதுவாகப் பிரித்து, லேசாக உதறிப் பாருங்கள். சூல் பிடித்த இடத்துப் பட்டு தானாக உதிரும், பிடிக்காதது ஒட்டிக்கொண்டே நிற்கும். கடும் வறட்சியில் பூத்த வயலில் பத்துக் கதிரை உதறினேன். ஏழில் மேல்பாதிப் பட்டு அசையவே இல்லை. அன்று மனம் கனத்துப் போனது.

*

இருவரும் சொன்னதோடு நானும் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 38 டிகிரிக்கு மேல் அனல் அடித்தால் மகரந்தமும் உண்மையிலேயே கெடும். எங்கள் வயலில் அந்த வருடம் அனலும் வறட்சியும் சேர்ந்தே வந்தன. கடைசி மூன்று தண்ணீரில் இரண்டை, பட்டு வருவதற்கு முந்தைய வாரமும் பட்டு வந்த வாரமும் பாய்ச்சினோம். அந்தப் பாத்திகளில் மட்டும் கதிர் நுனி வரை நிறைந்தது.