இத்தாலியன் கடையில குடும்பத்தோட சாப்பிட்ட அனுபவம், மனசுல நிக்கிறதச் சொல்லுங்க

செக்காலை சின்னவன்
கல்யாணத்துக்கு வந்த கும்பல் மொத்தமும் ரெண்டு கார்ல போனோம், சித்தப்பா மகன் ட்ரீட், பீட்சா பாஸ்தா கடை எப்படி இருக்கும்னு தெரியும்ல, அத விடுங்க. ஒயிட் சாஸ் பாஸ்தா பெரிய கிண்ணத்துல நடுவுல வந்துச்சு. சின்னதுங்க வாயில வச்ச ஃபோர்க்க அப்படியே அதுக்குள்ள விட்டுச்சுங்க, எச்சிலாவது ஒன்னாவது. பாத்துக்கிட்டே இருந்த அப்பத்தா சட்டுனு எந்திரிச்சு கரண்டிய எடுத்து, அயித்தை தட்டுலேர்ந்து ஆரம்பிச்சு சுத்தி வந்து ஒவ்வொருத்தருக்கா வைக்கிறாக, வளவுல பந்தி விசாரிக்கிற மாதிரியே "இன்னுங் கொஞ்சம் வச்சுக்க"ன்னு. சர்வர் தம்பி ஓடி வந்து "நீங்க உக்காருங்க பாட்டி"ங்கறான், "நீ அங்கிட்டு நில்லுப்பா, எம் பிள்ளைகளுக்கு நான் வைக்கிறேன்"ங்கறாக. எல்லாருக்கும் சிரிப்புதான். அப்ப பாத்து நம்ம ட்ரீட்காரன் பல்லக் கடிச்சுக்கிட்டு "அப்பத்தா, எல்லாரும் பாக்கறாங்க, உக்காருங்க"ன்னான். என் தட்டுக்கு நேரா வந்த கரண்டி அந்தரத்துல அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் கிண்ணத்துலயே போட்டுட்டு உக்காந்துட்டாக, தனக்கு ஒன்னும் வச்சுக்கல. அவன் சிங்கப்பூர் போயி எவ்வளவோ நாளாச்சு, எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணுலயே நிக்குது.

கண்டனூரான்
உங்க தம்பி பேசினது தப்புதான், ஆனா பாஸ்தாவ நடுவுல கொண்டாந்து வச்சான் பாருங்க, அங்கதான் கோளாறு. அவுக ஊருல பாஸ்தா ஆளுக்கொரு தட்டு, பீட்சாவும் ஆளுக்கு ஒன்னு முழுசா. அப்பச்சியோட நேப்பிள்ஸ் போயிருந்தப்ப விறகடுப்புக் கடை ஒன்னு, 450 டிகிரி கிட்ட எரியுது, உள்ள விட்டா ஒன்றரை நிமிஷத்துல வெந்து வெளிய வந்துருது, அந்தக் கைவேலைய 2017ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்திருக்காக. நாலு பேருக்கு ரெண்டு மார்கரிட்டான்னேன், ஆர்டர் எடுத்த அம்மா திரும்பத் திரும்ப நாலு விரலக் காட்டுது. வெட்டாமதான் வந்துச்சு. அப்பச்சி கத்தியெல்லாம் ஒதுக்கிட்டு கையாலயே பிச்சு பங்கு போட்டாக. பக்கத்து டேபிள் பெரியவரு தன் பீட்சா துண்ட மடிச்சு கையிலயே தின்னுக்கிட்டு எங்களப் பாத்து தலைய ஆட்டுனாரு. சரிங்கறாரா, கேலி பண்றாரான்னு எங்க வீட்டுல இன்னும் சண்டை ஓயல.

புதுவயல் பொண்ணு
கண்டனூர் அண்ணே, நடுவுல வைக்கலன்னா காரைக்குடியில எந்தக் கடை ஓடும்? ஆளுக்கொன்னு வாங்குனா பில்லு யாரு கட்டுறது.
எங்க ஆயா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாக. அன்னைக்குத்தான் போனோம், சீஸ் தூவிக் குடுத்தத ருசிச்சு சாப்பிட்டாக, என் மக போன்ல ஏதோ தேடி சத்தமா படிச்சுட்டா, ஆயா எந்திரிச்சுப் போயி வாய் கொப்பளிச்சுட்டு வந்தாக. அதனால எல்லாரும் கேட்டுக்கங்க, ஒரிஜினல் பார்மிஜானோ சீஸ்ல பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்து ரென்னட்தான் போடணும்னு அவுக விதியே இருக்கு, கிரானா படானோங்கற சீஸும் அதே கதைதான், பெஸ்டோ சாஸ்லயும் இந்தச் சீஸ்தான் போடுவாக. நம்ம ஊரு பாக்கெட் சீஸ்ல பச்சைப் புள்ளி இருந்தா பயமில்ல. சீசர் சாலட் பாக்க இலையும் தழையுமா இருக்கும், சாஸ்ல நெத்திலி வகை மீனு கெடக்கும். டிராமிசுங்கற இனிப்புல பச்சை முட்டை, சில இடத்துல ரம்மும் ஊத்துறாக. வெஜ்ஜான்னு மட்டும் கேட்டா தலைய ஆட்டிருவாக, என்ன சீஸ்னு கேளுங்க. அப்புறம் பிள்ளைகளுக்கு கார்லிக் பிரெட்ட முதல்ல குடுக்காதீக, அதுலயே வயிறு நெறஞ்சு மத்ததெல்லாம் பார்சல்தான்.

ரஸ்தா ராசா
அக்கா, அவரு அப்பத்தா கதையச் சொன்னா நீங்க ரென்னட் கிளாஸ் எடுக்கறீக.
எங்க ஐயா கதை கேளுங்க. உக்காந்ததும் மேசைய விரலால சுண்டிப் பாத்தாரு. "இது எங்கத்திக் கல்லு?" சர்வர் பெருமையா "இத்தாலி மார்பிள் சார்"னுட்டான். போச்சா. "டேய், எங்க வீட்டு முகப்புல கெடக்குடா இத்தாலிக் கல்லு, கப்பல்ல வந்தது, சித்திரை வெயில்ல படுத்தா முதுகு சில்லுனு இருக்கும்"னு ஆரம்பிச்சு, வீட்டுச் சாவியால ஓரத்துல ஒரு கீறு கீறுனாரு பாருங்க, மேல ஒட்டுன தாளு உரிஞ்சு உள்ள பிளைவுட்டு! மேனேஜரு வந்துட்டாரு, நாங்க தலையக் குனிஞ்சுக்கிட்டோம், ஐயா மட்டும் அந்தாளுக்கு ஆத்தங்குடிக் கல்லுக்கு மாறிக்கச் சொல்லி யோசனை குடுக்கறாரு. என்ன சாப்பிட்டோம்னு சத்தியமா ஞாபகம் இல்ல.

அடுப்படி ஆளு
நான் திருச்சியில இந்த மாதிரிக் கடை கிச்சன்ல நின்னவன். சின்னவரே, அப்பத்தாவ உக்காரச் சொன்ன சர்வர் புதுசா இருப்பான், கூட்டத்துல யாராச்சும் எடுத்து வச்சா எங்களுக்கு வேலை மிச்சம்.
எங்களுக்குத் தலைவலி வேற. பாஸ்தா பல்லுல லேசா கடிபடணும், அப்பதான் எறக்கணும்னு செஃப் சொல்லுவாரு, இங்க பாதித் தட்டு "வேகல"ன்னு திரும்பி வரும். ஒரு நாள் தேவகோட்டை ஆச்சி ஒருத்தவுக தட்டோட கிச்சன் வாசலுக்கே வந்துட்டாக. ஒரு பென்னே பாஸ்தாவ நகத்தால ரெண்டாக் கிள்ளி, நடுவுல வெள்ளையா இருந்தத என் மூஞ்சிக்கு நேரா காட்டி "பாரு, உள்ள மாவு". செஃப் வந்து இத்தாலியில இப்படித்தான்னு வெளக்குறாரு. "அவுகளுக்கு அப்படிக் குடுப்பா, எங்களுக்கு இன்னொரு கொதி விடு."
விட்டோம். தட்டு மறுபடி வந்துச்சு, உப்பு கம்மியாம்.